பாஸ் மீனுக்குத் தகுந்த தூண்டில்

நரிப்பாறைத் தோட்டத்து மேல்குளத்தில் பாஸ் மீன் இருக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள், அந்தக் குளத்துக்குக் காவல்காரனாக இருந்த இராமையாவைத் தவிர. அவன் இரண்டு வருஷமாக அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய சந்தேகத்துக்கு அதுதான் காரணம்.

மீன் வந்த கதை இதுதான். மேலே பட்டிப்பொலப் பக்கத்து ஓடைகளில் வேறொரு துரைமார் கூட்டம் டிரவுட் மீன் பிடித்து, பிடித்த கதையை வருஷம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது. கொட்டகலைப் பக்கத்துத் துரைமாருக்கு இது பொறுக்கவில்லை. அவர்கள் கூடி ‘மேல்மலை மீன் விளையாட்டு மன்றம்’ என்று ஒன்றை வைத்து, அமெரிக்காவிலிருந்து பாஸ் என்ற மீனின் குஞ்சுகளை வரவழைத்தார்கள். குஞ்சுகள் கப்பலேறி, ரயிலேறி, கொட்டகலை ஸ்டேஷனிலிருந்து தகர டின்களில் ஆட்களின் தலைமேல் மலையேறின. டின்களின் வாயை ஈரத் துணியால் கட்டியிருந்தார்கள். துணியைத் தூக்கிப் பார்க்கக்கூடாது, பார்த்தால் மீன் மிரளும் என்று உத்தரவு. மன்றத் தலைவரான பெரிய துரை தம் கையாலேயே டின்களைக் குளத்தில் கவிழ்த்தார். துரைசானிமார் கைதட்டினார்கள். ‘தண்ணிதான் விழுந்த மாதிரி இருந்திச்சு’ என்று டின் சுமந்தவர்களில் ஒருவன் அன்றைக்கே சொன்னான். அவனை யாரும் அதற்குமேல் பேச விடவில்லை.

இராமையா அதற்கு முன்னால் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியை வெட்டும்போது ஒரு நாள் கத்தி வழுக்கி முழங்காலுக்குக் கீழே இறங்கியது. காயம் ஆறியது, கால் மடங்கவில்லை. மலை ஏற முடியாதவனுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்குப் பத்துச்சீட்டு, அதாவது ‘உன்னைக் கணக்குத் தீர்த்து அனுப்பியாயிற்று’ என்கிற துண்டுக் காகிதம். புருஷன் கையில் அதைக் கொடுத்துவிட்டால் பெண்டாட்டியும் பிள்ளையும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு, தோட்டம் கொடுத்த லயத்து அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். அவன் பெண்டாட்டி வேலாயி கொழுந்து பறிப்பதில் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் அது கணக்கில் வராது. அந்தச் சமயத்தில்தான் மீனுக்குக் காவல் வேண்டியிருந்தது. உட்கார்ந்தே பார்க்கிற வேலை. வேலாயி மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்தாள்.

காவல் வேலையில் ஒரு சடங்கு உண்டு. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆபீஸ் வாசலில் இராமையா வலது கையை நீட்ட வேண்டும். பெரிய கிளாக்கர் சுப்பிரமணியம் குனிந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக மோந்து பார்ப்பார். காவல்காரனே மீனைத் தின்றுவிடாமல் இருக்க மன்றம் போட்ட விதி அது. கிளாக்கர் ஐயாவோ ஓயாமல் மூக்குப்பொடி போடுகிறவர். பக்கத்தில் மாட்டுத் தொழுவம் தீப்பிடித்தாலும் அவருடைய மூக்குக்குத் தெரியாது. ஆனால் விதியில் மோந்து பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது, வாசனை தெரிய வேண்டும் என்று இல்லை.

“மீன் எல்லாம் சரியா?”

“சரிங்கய்யா.”

முதல் நாள் இராமையா பயத்தில்தான் அப்படிச் சொன்னான். ஒரு மீனையும் காணவில்லை என்று சொன்னால், எங்கே போயிற்று என்று கேட்பார்கள். எங்கே போயிற்று என்று கேட்டால் அவனைத்தான் பார்ப்பார்கள். மறு நாள் வேறு பதில் சொன்னால், நேற்று ஏன் சொல்லவில்லை என்பார்கள். இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இதற்கிடையில் அவன் வீட்டில் கருவாடு நின்றுபோயிற்று. கருவாடு தின்ற கையோடு ஆபீஸ் வாசலில் நிற்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. பக்கத்து அறையில் கருவாடு சுடும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சோறு தின்றான்.

“நம்ம தின்னாத மீனுக்கு நம்ம ஏன் பயப்படணும்?” என்பாள் வேலாயி.

“தின்னவன் பயப்பட மாட்டான் புள்ள. தின்னாதவன்தான் பயப்படணும்” என்பான் அவன்.

சீமை ராஜாவின் வெள்ளி விழாவுக்கு லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்களே, அந்த வருஷம்தான் காலைப் பெரட்டில், ஆட்களைப் பேர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கிற இடத்தில், புதுச் செய்தி வந்தது. ஆட்கள் வரிசையில் குளிரில் நிற்க, கிளாக்கர் ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். மீன்கள் இப்போது வளர்ந்துவிட்டன. பாஸ் மீன் சாதாரண மீன் அல்ல. டிரவுட் பிடிக்கிற தூண்டிலுக்கு அது அடங்காது. ஆகவே பாஸ் மீனுக்குத் தகுந்த தூண்டிலைத் தேர்ந்தெடுக்க மேஜர் துரை தலைமையில் ஓர் உபகமிட்டி அமைக்கப்பட்டிருக்கிறது.

தூண்டில் வந்தால் அது தண்ணீருக்குள் போகும். போன தூண்டில் வெறுமனே திரும்பி வரும். அப்புறம் என்ன நடக்கும் என்று இராமையாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் உபகமிட்டி அவன் நினைத்த மாதிரி அவசரப்படவில்லை. சீமையிலிருந்து தூண்டில்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இரும்பில் ஒன்று வந்தது. ஏதோ பச்சை மரத்தில் ஒன்று வந்தது. மூங்கிலைக் கீற்றுக் கீற்றாகப் பிளந்து ஒட்டிச் செய்தவை பல வந்தன. கீழைச் சீமையில் எங்கேயோ முளைத்த மூங்கில் லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டுத் துரையாகத் திரும்பி வந்திருக்கிறது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு தூண்டிலுக்கும் கம்பளி உறை உண்டு. மலைப் பனி பட்டு மூட்டு இறுகிவிடும் என்று அவை இருந்த அறையில் பகலிலும் கணப்பு எரிந்தது. லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று போன மழையில் கொடுத்த மனு அப்போதும் பரிசீலனையில் இருந்தது.

மேஜர் துரை பட்டாளத்தில் இருந்து வந்தவர். எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் அவருக்கு. ஆட்களுக்குப் பெரட்டு இருக்கும்போது தூண்டில்களுக்கு ஏன் இருக்கக்கூடாது என்று யோசித்தார். அன்றிலிருந்து காலையில் ஆட்கள் ஒரு வரிசை, எதிரே தூண்டில்கள் ஒரு வரிசை. தூண்டில்களுக்குப் பேர் கூப்பிட்டார்கள். பதில் வராததால் ஆட்களை மேய்க்கிற கண்டாக்கு ஐயா அவற்றுக்காக ‘ஆஜர்’ என்றார். நன்றாக வளைந்து நிமிர்ந்த தூண்டிலுக்கு முழுப்பேர். அதிகமாக வளைந்ததற்கு அரைப்பேர், கொழுந்து குறைந்த பெண்ணுக்கு அரை நாள் கூலி போடுவது போல. ஒரே ஒரு வித்தியாசம்தான். அரைப்பேர் வாங்கிய தூண்டிலுக்கு அன்றைக்குக் கூடுதலாக எண்ணெய் தடவி ஆறுதல் செய்தார்கள்.

தேர்வெல்லாம் பங்களாப் புல்தரையில்தான் நடந்தது. தூண்டில் முடிவாகும்வரை மீன்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது விதி. ஆனால் மீன் இழுக்கும்போது தூண்டில் எப்படித் தாங்குகிறது என்று பார்க்க வேண்டாமா? அதற்கு ஒரு மீன் தேவைப்பட்டது. இராமையாவைக் கூப்பிட்டார்கள்.

தூண்டில் நூலின் முனையை அவன் இடுப்பில் கட்டினார்கள்.

“மீன் மாதிரி இழு” என்றார் மேஜர் துரை, புத்தகம் வைத்துப் படித்த தமிழில்.

இராமையா கிளாக்கர் பக்கம் திரும்பினான். “அது எப்படி இழுக்கும்ங்கய்யா?”

கிளாக்கர் இதை இங்கிலீஷில் சொன்னார். மேஜர் துரையின் கண்கள் இடுங்கின. அவர் பக்கத்திலிருந்த பெரிய துரையிடம் ஏதோ மெல்லச் சொன்னார். இருவரும் இராமையாவை மேலும் கீழும் பார்த்தார்கள்.

“ரெண்டு வருஷமா காவல் இருக்கியே, மீன் போற போக்கு ஒனக்குத் தெரியாதான்னு தொரை கேக்குறாரு” என்றார் கிளாக்கர்.

இராமையா கணக்குப் போட்டுப் பார்த்தான். தெரியாது என்றால் மீனைப் பார்க்கவே இல்லை என்றாகும். நன்றாகத் தெரியும் என்றால் பிடித்துப் பார்த்திருக்கிறான் என்றாகும். இரண்டுக்கும் முடிவு பத்துச்சீட்டுதான்.

“நீந்துறதத்தாங்க பாத்திருக்கேன். இழுக்குறதப் பாத்ததில்லீங்க” என்றான்.

இந்தப் பதிலில் குறை கண்டுபிடிக்க முடியாதது மேஜர் துரைக்கு இன்னும் சந்தேகத்தைத் தந்தது. இராமையா இழுத்தான். பட்டிக்கு வர மறுக்கிற ஆடு எப்படி இழுக்குமோ அப்படி, வளையாத காலைத் தேய்த்துத் தேய்த்து இழுத்தான். துரைசானிமார் தேநீர்க் கோப்பையோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். மழைக்காலம் முழுவதும் இப்படிப் பாஸ் மீனாக வேலை செய்தான். இரும்புத் தூண்டில் அவனை ரோஜாப் பாத்திக்குள் தள்ளியது. பச்சை மரத் தூண்டில் பாதியில் முறிந்தது. அது சீமைக்குத் திருப்பி அனுப்பப்பட்டபோது மேஜர் துரை தொப்பியைக் கழற்றினார்.

“ஊரை ஏமாத்துறாங்களா, தங்களையே ஏமாத்திக்கிறாங்களா, ஒண்ணும் வெளங்கலயே” என்றான் இராமையா ஒரு நாள். வேலாயி அவன் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அவங்களும் ஒங்களப் பத்தி அதத்தான் பேசிக்கிட்டு இருப்பாங்க” என்றாள் அவள்.

கடைசியில் தூண்டில் முடிவாயிற்று. பிளந்த மூங்கில், பிடியில் தக்கை, வளையங்களில் வெள்ளிப் பூச்சு. அதைக் குளத்தில் இறக்கும் நாளில் தோட்டத்துக்கு லீவு விட்டார்கள், கூலி இல்லாத லீவு. குளக்கரையில் கூடாரம் போட்டிருந்தது. உள்ளே துரைமார், வெளியே ஆட்கள். மேஜர் துரை எழுந்து பேச, கிளாக்கர் ஐயா அதை வரிக்கு வரி தமிழில் சொன்னார்.

“இந்தத் தோட்டத்திற்கு ஆள் எடுக்கும்போது நாம் பல்லைப் பார்க்கிறோம், முதுகைப் பார்க்கிறோம். அரை நிமிஷத்தில் வேலை முடிந்துவிடுகிறது. தூண்டில் விஷயத்தில் அப்படி அவசரப்பட முடியாது. தூண்டில் நம்மோடு நீண்ட காலம் இருக்கப்போவது. அதற்கு ஈரம் ஆகாது. மூட்டு இறுகிப்போனால் அதை ரோட்டில் கொண்டுபோய் விட நமக்கு மனசு வருமா?”

கூடாரத்துக்குள் ‘வராது, வராது’ என்று குரல் எழுந்தது.

“குளத்தில் மீன் இருக்கிறதா என்று சிலர் கேட்பதாகக் கேள்விப்படுகிறேன். இது அற்பமான கேள்வி. மீன் இல்லாமல் ஓர் உபகமிட்டி நடக்கலாம். தலைவர் இல்லாமல் நடக்க முடியாது. இந்த மன்றத்தின் முதல் பாஸ் மீன் இந்தத் தூண்டிலில்தான் பிடிபட வேண்டும் என்று நேற்று ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறோம். அந்தத் தீர்மானத்தை மீன்கள் மதிக்கும் என்று நம்புகிறேன்.”

தூண்டில் தண்ணீருக்குள் இறங்கியது. துரைமார் முறை வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். தேநீர் ஆறியது, கேக் தீர்ந்தது, பனி இறங்கி எதிர்க்கரையை மறைத்துவிட்டது. தண்ணீரில் மிதந்த தக்கை அசையவே இல்லை. முதலில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைத் திருப்பி இராமையாவைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆட்கள்கூட அப்படித்தான் பார்த்தார்கள். இத்தனை நாள் பக்கத்து அறையில் இருந்தவனே, இவன் தின்றிருப்பானோ என்று ஒரு கணம் யோசித்தான்.

“கையை நீட்டு” என்றார் பெரிய துரை.

இராமையா நீட்டினான். பெரிய துரை மோந்தார். மேஜர் துரை மோந்தார். பிறகு மற்றத் துரைமார் தோட்டத்தின் பரப்பளவு வரிசைப்படி ஒவ்வொருவராக வந்து மோந்தார்கள்.

“மீன் வாசனை இல்லை” என்றார் பெரிய துரை.

“இல்லை. கொஞ்சம்கூட இல்லை. இரண்டு வருஷம் மீன் குளத்தில் காவல் இருந்தவன் கையில் மீன் வாசனையே இல்லையென்றால் என்ன அர்த்தம்? கழுவியிருக்கிறான்” என்றார் மேஜர் துரை.

கிளாக்கர் ஐயா இதைத் தமிழில் சொன்னபோது அவருக்கே குரல் கொஞ்சம் இறங்கியது. “நாளைக்குப் பெரட்டுல ஒனக்குப் பத்துச்சீட்டுன்னு தொரை சொல்றாரு, இராமையா.”

கூட்டத்தின் ஓரத்தில் வேலாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இராமையாவுக்கு அழுகை வரவில்லை. உடம்பில் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. இரண்டு வருஷமாக எதற்குப் பயந்தானோ அது வந்துவிட்டது. கருவாட்டையாவது தின்றிருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது, அந்த நினைப்பு அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அந்த நேரம் தூண்டில் நூல் கரையோரப் பாசியில் சிக்கிக்கொண்டது. வெள்ளிப் பூச்சு வளையம் பிய்ந்துவிடும் என்று மேஜர் துரை பதறினார். பத்துச்சீட்டு நாளைக்குத்தானே, இன்றைக்கு இன்னும் வேலைக்காரன்தானே! சிக்கை எடுத்துவிடச் சொல்லி இராமையாவை விரட்டினார்கள். அவன் ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற தொரட்டியை யாரிடமோ வாங்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். கொக்கியைப் பாசியில் மாட்டி, கோபத்தையெல்லாம் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்துக் கரையில் வீசினான்.

பாசிக் குவியல் தானாகத் துள்ளியது. உள்ளே கைமுழம் நீளத்தில் ஒரு மீன். பச்சை முதுகு, விலாவில் கறுப்புப் பட்டை, கண்ணைத் தாண்டிக் கிழிந்த வாய். கூடாரத்தின்மேல் பறந்த மன்றக் கொடியில் வரைந்திருந்த அதே மீன்.

இராமையா தண்ணீரிலேயே நின்றான். அவனுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ‘சரிங்கய்யா, சரிங்கய்யா’ என்று அவன் சொன்ன அத்தனை பொய்யும் உண்மையாகிக் கரையில் துள்ளிக்கொண்டிருந்தது. ஆட்கள் ஆரவாரம் செய்தார்கள். துரைமார் செய்யவில்லை. அவர்கள் மீனைப் பார்த்தார்கள், தொரட்டியைப் பார்த்தார்கள், பிறகு கூடாரத்துக்குள் போய்த் திரையை இழுத்து விட்டுக்கொண்டார்கள்.

மீன் செத்துப்போகிற அளவுக்கு நேரமாயிற்று. பிறகு கிளாக்கர் ஐயா முடிவோடு வெளியே வந்தார்.

“தேர்ந்தெடுக்கப்பட்ட தூண்டிலால் பிடிக்கப்படாத மீன் பாஸ் மீனாகக் கருதப்படமாட்டாது. இது உள்ளூர் மீன். அதை அப்புறப்படுத்தவும்.”

“என் வேலைங்கய்யா?” என்றான் இராமையா.

“பத்துச்சீட்டுல மாத்தமில்ல.”

எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டுப் பழகிய இராமையாவின் மூளைக்கு இதிலும் ஒன்று உறுத்தியது.

“ஐயா, கோவிச்சுக்கக் கூடாது. இது பாஸ் மீன் இல்லைன்னா, பாஸ் மீனெல்லாம் இன்னும் கொளத்துலதான் இருக்குதுங்களா?”

கிளாக்கர் உள்ளே போனார். கூடாரத்துக்குள் நெடுநேரம் பேச்சுக் கேட்டது. இல்லை என்று சொன்னால் மன்றம் எதற்கு, உபகமிட்டி எதற்கு, வெள்ளிப் பூச்சுத் தூண்டில் எதற்கு, பட்டிப்பொலப் பக்கத்துத் துரைமாரின் முகத்தில் எப்படி விழிப்பது? மேஜர் துரையே திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

“இருக்கிறது. எல்லாம் இருக்கிறது” என்றார் தமிழில்.

“அப்பக் காவல் வேணுங்களே, தொரை” என்றான் இராமையா.

மேஜர் துரை அவனை முறைத்தார். இதிலும் குறை கண்டுபிடிக்க முடியவில்லை அவருக்கு. காவல் வேலை தொடர்ந்தது.

உள்ளூர் மீனை இராமையாவே அப்புறப்படுத்தினான், தன் அறைக்கு. ‘குடுத்திருக்காங்கன்னா ஏதோ உள்நோக்கம் இருக்கு’ என்று வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே போனான். வேலாயி அருவாமணையில் வைத்து வயிற்றைக் கீறியவள், சட்டென்று நிறுத்தினாள்.

“இங்க பாருங்க. வயித்துக்குள்ள இன்னொண்ணு கெடக்கு.”

பாதி செரித்துப்போன சின்ன மீன். விலாவில் அதே கறுப்புப் பட்டை.

“தன் சாதியையே தின்னுப்புட்டுத்தான் இம்புட்டுப் பெருத்திருக்கு” என்றாள் அவள். “டின்னுல வந்த அம்புட்டும் இதுக்குள்ளதான் போயிருக்கும்.”

புளி கரைத்து, மிளகாய் அரைத்து அவள் வைத்த குழம்பை இராமையா இரண்டு வருஷத்துப் பசியோடு தின்றான். முள் அதிகம்தான், ஆனாலும் ருசியாக இருந்தது. சட்டியை வழித்த பிறகுதான் ஆறு மணிச் சோதனை ஞாபகம் வந்தது. வேலாயி எலுமிச்சம்பழத்தை நறுக்கி நீட்டினாள்.

“வேணாம் புள்ள. மணக்காட்டித்தான் திருடனாம்” என்று சொல்லிவிட்டு அப்படியே போனான்.

ஆபீஸ் வாசலில் கையை நீட்டினான். கிளாக்கர் ஐயா குனிந்தார். பொடி அடைத்த அந்த மூக்குக்கும் அன்று வாசனை எட்டிவிட்டது. அவர் நிமிர்ந்து இராமையாவின் முகத்தைப் பார்த்தார், பங்களாப் பக்கம் ஒரு தரம் பார்த்தார், மறுபடி குனிந்து மோந்தார். இந்த முறை கொஞ்சம் ஆசையாகவே மோந்தது போல இருந்தது.

“பாஸ் வாசனை இல்ல” என்றார். “மீன் எல்லாம் சரியா?”

“சரிங்கய்யா” என்றான் இராமையா.

இரண்டு வருஷமாகச் சொல்லிவந்த பதில்தான். அன்றைக்குத்தான் அதைச் சொல்லும்போது, மீனெல்லாம் எங்கே போயிற்று என்பதில் அவனுக்குச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை.